சங்கு ஊதுற பதிவு இல்லை, சங்கு அறுத்த கதை

'திருவிளையாடல்' (1965) பார்க்காத தமிழ்ப் பதிவர் யாராவது இருந்தா கையைத் தூக்குங்க பார்ப்போம். யாரும் இல்லைல்ல? சரி. தருமிக்குக் கிடைக்க வேண்டிய பொற்கிழி போன கடுப்புல சிவாஜி, சிவனா சபைக்கு வர்றார். எதிர்ல நக்கீரரா படத்தோட இயக்குநர் ஏ.பி.நாகராஜனே நிக்கிறார். பாட்டுல குத்தம் இருக்கா இல்லையான்னு ஆரம்பிச்ச பேச்சு கொஞ்ச நேரத்துல எங்க போய் நிக்குது? நக்கீரரோட குலத்தொழில்ல! சங்கு அறுக்கிற கூட்டத்துல பொறந்த நீயா என் பாட்டைக் குத்தம் சொல்றதுன்னு சிவபெருமானே கேட்டுடறார்.

அதுக்கு நக்கீரர் திருப்பிக் குடுக்கிறது தனி மேட்டர், அதை விடுங்க. என்னோட கேள்வி வேற. பாட்டுல இருக்கிற குத்தத்தைப் பத்திப் பேச வந்தவர், எதிராளியை மட்டம் தட்டணும்னா எடுத்து வீசற கல்லு சங்கு அறுக்கிற தொழில்தானா? சங்கு மட்டும் பூஜை அறையில இருக்கும், பெருமாள் கையில இருக்கும். அறுத்தவன் மட்டும் ஏச்சு வாங்கணும். என்ன நியாயம் இது?

அடியேன் தூத்துக்குடிக்காரன். இப்போ லண்டன்ல தொல்லியல் படிக்கிறேன். ஒரு பாடத்துக்குக் கட்டுரை எழுதணும், ஏதாவது ஒரு பொருளை எடுத்து அதை எப்படிச் செஞ்சாங்கன்னு சொல்லணும்னாங்க. கூடப் படிக்கிறவங்க எல்லாம் பானை, வாள், கண்ணாடி மணின்னு ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டாங்க. சங்கு குளிக்கிற ஊர்ல இருந்து வந்துட்டு நான் வேற என்னத்த எடுக்க? படிச்சதுல பாதி கட்டுரைக்குப் போச்சு. மீதி உங்க தலையில :-)

லண்டன் டிராயர்ல ரெண்டு சிப்பி

சவுத் கென்சிங்டன்ல இருக்கிற நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம்னா எல்லாரும் டைனோசர் பார்க்கத்தான் போவாங்க. அதே மியூசியத்தோட சேகரிப்புல விரல் நகத்தளவுக்கு ரெண்டு கடல் நத்தை ஓடு இருக்கு. இஸ்ரேல்ல கார்மல் மலையில ஸ்கூல்னு ஒரு குகை (பள்ளிக்கூடம் இல்லை, பேரே அதான்). 1930-களின் தொடக்கத்துல அதைத் தோண்டினப்போ கிடைச்சது. ரொம்ப வருஷம் யாரும் பெருசா கண்டுக்கல. 2006-ல மரியான் வான்ஹேரன், ஃபிரான்செஸ்கோ டெரிக்கோ, இந்த மியூசியத்தோட கிறிஸ் ஸ்ட்ரிங்கர் எல்லாரும் சேர்ந்து 'சயின்ஸ்' இதழ்ல எழுதினாங்க. ரெண்டு ஓட்டுலயும் ஓட்டை இருக்கு. இயற்கையா உடைஞ்சா அந்த இடத்துல ஓட்டை விழறது அபூர்வம். குகை அந்தக் காலத்துல கடலை ஒட்டி இல்லை, அதனால அலை கொண்டுவந்து போட்டிருக்கவும் முடியாது. வயசு? 1,00,000-லிருந்து 1,35,000 வருஷம்.

அந்த ரெக்கார்டையும் 2021-ல மொராக்கோவோட பிஸ்மூன் குகை முறியடிச்சிடுச்சு. அங்க கிடைச்ச ஓட்டை போட்ட நத்தை ஓடுகளுக்கு 1,42,000-லிருந்து 1,50,000 வருஷம் வயசு. நம்ம பக்கத்துல பார்த்தா இலங்கையில பாகியன் குகை (ஃபா ஹியன் லெனா). சுமார் 48,000 வருஷப் பழமையான எலும்பு அம்பு முனைகளோட, கடல் நத்தை ஓட்டுல செஞ்ச மணிகளும் அங்க கிடைச்சதை 2020-ல வெளியிட்டாங்க. மழைக்காட்டுக்குள்ள வாழ்ந்த ஆளுங்க கழுத்துல கடல் ஓடு!

இரும்பு இல்லை, செம்பு இல்லை, பானை கூடக் கிடையாது. ஆனா நத்தை ஓட்டை எடுத்து, எங்க குத்தினா உடையாம ஓட்டை விழும்னு தெரிஞ்சு வச்சிருக்காங்க. மனுஷன் செஞ்ச முதல் நகைக்கடை வேலை இதுதான்னு சொல்லலாம்.

கல்லை வச்சு என்னதான் செய்ய முடியும்?

கடல் ஓடு எல்லாமே சுண்ணாம்பு ரகம்தான். சங்குல இருக்கிற கனிமத்துக்கு அரகோனைட்னு பேர். கடினத்தை அளக்க மோஸ்னு ஒரு அளவுகோல் வச்சிருக்காங்கல்ல, அதுல வைரம் 10, அரகோனைட் 3.5-லிருந்து 4. சிக்கிமுக்கிக் கல், செர்ட், குவார்ட்ஸ் எல்லாம் 7 பக்கம். ஆக கல்லு சங்கைக் கீறும், சந்தேகமே இல்லை. ஆனா சங்கு லேசுப்பட்ட ஆள் கிடையாது. உள்ளுக்குள்ள மெல்லிய தகடுகளை ஒண்ணுக்கொண்ணு குறுக்கால அடுக்கின மாதிரி இருக்கும், ப்ளைவுட் மாதிரின்னு வச்சுக்கோங்க. ஒரு பக்கம் விரிசல் ஓட ஆரம்பிச்சா அடுத்த அடுக்குல முட்டி நின்னுடும். ஒத்தைக் கனிமமா இருந்தா சுண்ணாம்புக் கட்டி மாதிரி உடைஞ்சிருக்கும், இந்த அடுக்குதான் காப்பாத்துது.

அதனால கல்லு மட்டுமே கையில இருந்தவங்களுக்கு நாலு வழிதான். குத்தலாம், தேய்க்கலாம், அறுக்கலாம், துளைக்கலாம்.

படிச்சா மட்டும் போதுமா, செஞ்சு பார்க்க வேண்டாமா? இங்க தோட்ட அலங்காரத்துக்கு சிக்கிமுக்கிக் கல்லை மூட்டையா விக்கிறாங்க. மீன் கடையில மட்டியும், கையளவு பெரிய நத்தையும் வாங்கினேன் (உள்ள இருந்தது மிளகு போட்டு வயித்துக்குள்ள போயாச்சு, ஆராய்ச்சியில எதுவும் வேஸ்ட் ஆகக் கூடாது பாருங்க). கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க், பக்கத்துல ஒரு வாளித் தண்ணி. ஹவுஸ்மேட் ஜன்னல் வழியா பார்த்துட்டு ஒண்ணும் கேட்காம திரையை இழுத்து விட்டுட்டான்.

தேய்க்கிறதுதான் இருக்கறதுலயே சுலபம். மட்டியோட முதுகுல முட்டிக்கிட்டு நிக்கிற மூக்கு இருக்கே, அதை சொரசொரப்பான மணற்கல்லுல தண்ணி விட்டுத் தேய்ச்சா ஆறே நிமிஷத்துல அழகா வட்ட ஓட்டை. கயிறு கோர்க்க வேண்டியதுதான் பாக்கி. குத்துறது இன்னும் வேகம், ஆனா மூணுக்கு ஒண்ணு நொறுங்குச்சு. அறுக்கிறதுதான் பெண்டு எடுத்துடுச்சு. கல்லை உடைச்சு எடுத்த சில்லு பிளேடு மாதிரி இருக்கும், முதல் பத்து இழுப்பு வெண்ணெய்யா இறங்கும். அப்புறம் முனை மழுங்கிடும், வேற சில்லு எடுக்கணும். அரை மணி நேரம் கழிச்சுப் பார்த்தா மேல அகலமா, கீழ குறுகலா ஒரு பள்ளம். ஆழம் ரெண்டு மில்லிமீட்டர் கூட இருக்காது.

இங்கதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. கல்லுக்குக் கடினம் பத்தலைன்னு இல்லை, செம்பு வெண்கலத்தை விட கல்லுதான் கடினம். ஆனா கல்லை மெல்லிசா, நீளமா, உடையாம செய்ய முடியாது. ஆழம் இறங்க இறங்க பள்ளத்தோட பக்கச் சுவர் கல்லைப் பிடிச்சுக்குது. அதனால கல்லு வச்சிருந்தவன் சங்கை நினைச்ச இடத்துல வெட்ட முடியாது. ஓடு எங்க மெலிஞ்சிருக்கு, எங்க தானா வளையுது, எங்க உடைச்சா எதுவரைக்கும் உடையும்னு அது போக்குல போய்த்தான் வேலை வாங்கணும்.

பல்லுக்கும் அதே துளைக்குச்சி

பலுசிஸ்தான்ல மெஹர்கர்னு ஒரு ஊர். 1974-லிருந்து பிரெஞ்சுக்காரர் ழான் பிரான்சுவா ஜாரிஜ் குழு தோண்டினது. அங்க புதிய கற்காலக் கல்லறைகள்ல சங்கு அணிகள் கிடைச்சிருக்கு. கடல் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கு! அந்த ஊர் கி.மு. 7000-னு ரொம்ப நாளா புத்தகத்துல படிச்சிருப்பீங்க. 2025-ல பல் எனாமலை வச்சு செஞ்ச கரிமக் கணிப்பு அதை கி.மு. 5200 பக்கம் இறக்கிடுச்சு. அப்படியே வச்சாலும் இரும்புக்கு ரொம்ப முந்தின காலம்.

இந்த ஊர்க்காரங்க வில்லும் கயிறும் வச்சுச் சுத்துற துளைக்குச்சி முனையில சிக்கிமுக்கிக் கல்லைச் சொருகி மணிகளைத் துளைச்சிருக்காங்க. 2006-ல 'நேச்சர்' இதழ்ல ஒரு கட்டுரை வந்துச்சு. அங்க புதைச்ச 9 பேரோட 11 கடைவாய்ப் பல்லுல இதே மாதிரி கல்லு முனையால போட்ட ஓட்டை. உசுரோட இருக்கும்போதே போட்டது! மணி துளைக்கிற கைதான் பல்லையும் துளைச்சிருக்கணும்னு எழுதினவங்க சொல்றாங்க. மயக்க மருந்து இல்லாம கடைவாய்ப் பல்லைக் காட்டி உட்கார்ந்திருக்காங்கன்னா, அந்த ஆளோட கை மேல ஊருக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கணும்?

ஒரே ஊர்ல ரெண்டு கை

அடுத்தது சிந்துவெளி. இந்த இடத்துல ஜோனதன் மார்க் கெனோயரைச் சொல்லாம நகர முடியாது. ஷில்லாங்ல பிறந்த அமெரிக்கர். 1983-ல பெர்க்லியில சிந்துவெளி சங்குத் தொழிலைப் பத்தி முனைவர் பட்டம் வாங்கினார். மனுஷன் வெறுமனே உடைஞ்ச துண்டை எண்ணிக்கிட்டு உட்காரல. வங்காளத்துல இன்னைக்கும் சங்கு அறுக்கிற தொழிலாளிங்க பக்கத்துல உட்கார்ந்து, அவங்க ரம்பம் எந்தக் கோணத்துல இறங்குது, என்ன தடம் விழுதுன்னு பார்த்துட்டு வந்து, மொகஞ்சதாரோ துண்டுல இருக்கிற தடத்தோட ஒப்பிட்டார். பார்த்தா ரெண்டும் அண்ணன் தம்பி. 4,000 வருஷத்துக்கு மேல முன்னாடி வெண்கல ரம்பம், இப்போ இரும்பு ரம்பம். வளைஞ்ச, மெல்லிசான வாய் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது பாலாகோட். கராச்சிக்கு வடமேற்கே, கடலோரமா இருந்த சின்ன ஊர், 1970-கள்ல தோண்டினாங்க. அங்க ரெண்டு வகை வளையல் செஞ்சிருக்காங்க. ஒண்ணு சங்குல, வெண்கல ரம்பத்தால அறுத்தது. இன்னொண்ணு பெரிய மட்டி ஓட்டுல செஞ்சது. இதுக்கு ரம்பமே கிடையாது, கல்லுச் சுத்தியலால நடுவுல தட்டித் தட்டிச் சில்லு எடுத்து, ஓரத்தை மட்டும் விட்டு, கல்லுல தேய்ச்சு வளையமாக்கினது. அதாவது ரம்பம் வந்தப்புறமும் கல்லு வேலை சாகல. பக்கத்துலயே இருந்திருக்கு. 'கற்காலம் முடிஞ்சுது, வெண்கலக்காலம் தொடங்கிச்சு'ன்னு பத்தாம் வகுப்புல கோடு போட்டுப் படிச்சோமே, பாலாகோட்ல அப்படி யாரும் கோடு போட்டு வாழல.

இன்னொரு நுணுக்கம். சங்கை வளையமா அறுத்தா அது முழு வட்டமா வராது. சுருள் சேர்ற இடத்துல ஒரு கோணல் இருக்கும். சிந்துவெளிக்காரர் அந்த இடத்துல ஆங்கில 'வி' எழுத்து மாதிரி ஒரு கீறல் போட்டார். குறை இருக்கிற இடமே அலங்காரம் ஆயிடுச்சு. வளையல் துண்டுல அந்தக் கீறலைப் பார்த்தாலே இது சிந்துவெளிச் சங்கு வளையல்னு அடையாளம் சொல்லிடுவாங்க.

நம்ம கரைக்கு வருவோம்

இனி தூத்துக்குடி. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கம் செக்கச் சிவந்த தேரி மணல் மேடு பார்த்திருப்பீங்க. சினிமாக்காரங்களுக்கு அது பாட்டு சீன் லொக்கேஷன். தொல்லியல்காரங்களுக்கு அது நுண்கற்கருவிப் புதையல். பிறை வடிவத்துலயும், கூர்முனையாவும், விரல் நுனி அளவுக்குக் குவார்ட்ஸ், செர்ட் கல்லுல செஞ்ச சின்னச் சின்னக் கருவிகள். 1956-ல 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழ்ல அதைப் பத்தி விரிவா எழுதினவங்க ஃபிரெட்ரிக் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும். சாய்னர் யாருன்னா, இதே லண்டன்ல, இன்னைக்கு யுனிவர்சிட்டி காலேஜோட சேர்ந்திருக்கிற தொல்லியல் நிறுவனத்துல பேராசிரியரா இருந்தவர். பள்ளிக்கூட லீவுல சறுக்கி விளையாடின மணல் மேட்டோட பேரை ப்ளூம்ஸ்பரியில ஒரு நூலக மேஜையில வாசிக்கிறது ஒரு மாதிரிதான் இருந்துச்சு.

தேரியில இருந்து கொஞ்ச தூரத்துல கொற்கை. பாண்டியர் துறைமுகம், இன்னைக்குக் கடல் சில கிலோமீட்டர் விலகிப் போயிடுச்சு. 1968-69-ல தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டினப்போ சங்கு அறுத்ததுக்கான தடயம் கிடைச்சுது. கரிமக் கணிப்பு ஒண்ணு கி.மு. 8ஆம் நூற்றாண்டுக்குப் போகுது. அழகன்குளத்துலயும் சங்கு வேலை. கடலே கண்ணுக்குத் தெரியாத நொய்யல் கரையில, கொடுமணல்லயும் சங்கு வேலை. வைப்பாத்தங்கரை வெம்பக்கோட்டையில 2022-ல தொடங்கின அகழாய்வுல சங்கு வளையல் துண்டு கொத்துக் கொத்தா வந்துச்சு. நுண்கற்கருவியும் அதே மேட்டுல கிடைச்சிருக்கு.

இலக்கியத்துலயும் ஆள் இருக்காங்க. மதுரைக்காஞ்சியில மதுரைக் கடைத்தெருவுல இருக்கிற தொழிலாளிகள் வரிசையில சங்கு அறுத்துக் கடையறவங்களுக்கு ஒரு இடம் உண்டு. அகநானூறு 24ஆம் பாட்டுல, வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருத்தன் அரத்தால சங்கை அறுத்து வளையல் எடுக்கிறது உவமையா வருது. சங்ககாலப் பொண்ணுங்க கை மெலிஞ்சு வளை கழண்டு விழுதுன்னு நாம உருகி உருகிப் படிக்கிறோமே, அந்த வளையை அறுத்துக் குடுத்தவன் இவன்தான் சாமி.

அப்புறம் என்ன ஆச்சு? இதைக் கேட்டவர் ஜேம்ஸ் ஹார்னெல். சென்னை மாகாண மீன்வளத் துறையில இருந்த வெள்ளைக்காரர். சங்கைப் பத்தி 1914-ல ஒரு முழுப் புத்தகமே எழுதினார். (ஸ்கேன் பண்ணி இணையத்துல போட்டிருக்காங்க, தேடினா கிடைக்கும்.) கொற்கையிலயும் பழைய காயல்லயும் அறுபட்ட சங்குத் துண்டு கிடக்கிறதைப் பார்த்துட்டு, இந்தத் தொழில் ஒரு காலத்துல இங்கயே நடந்திருக்குன்னு சொன்னார். அவர் காலத்துல சங்கு மட்டும்தான் இங்க. முத்துக்குளித்துறையில மூச்சடக்கி எடுத்த சங்கு மூட்டை மூட்டையா வங்காளத்துக்குக் கப்பல் ஏறும். கல்கத்தாவுலயும் டாக்காவுலயும் அறுபடும். அங்க கல்யாணமான பொண்ணுங்க கையில ஏறும். குளிக்கிற மூச்சு நம்மது, அறுக்கிற கை அவங்களது. அங்கயும் இப்போ மின்சார அறுப்புச் சக்கரம் வந்துடுச்சு.

குப்பைதான் கையெழுத்து

இவ்வளவும் எப்படித் தெரியுதுன்னு நினைக்கிறீங்க? நகையை வச்சு இல்லை. குப்பையை வச்சு!

நல்லா மெருகேத்தின வளையல்ல ரம்பத் தடம் இருக்காது, தேய்ச்சு எடுத்திருப்பாங்க. அதைப் பார்த்தா போட்டுக்கிட்டவளைப் பத்தித்தான் தெரியும். செஞ்சவனைப் பத்தித் தெரியணும்னா, அவன் தூக்கிப் போட்ட உச்சித் துண்டு, வாய்ப்பக்கத் துண்டு, நடுத்தண்டு, பாதியில உடைஞ்ச வளையம், இதெல்லாம் வேணும். உச்சியும் நடுத்தண்டும் குவிஞ்சு கிடந்தா அங்கயே அறுத்திருக்காங்க. வளையல் துண்டு மட்டும் கிடந்தா வாங்கிப் போட்டிருக்காங்க. தடம் அகலமா மேலும் கீழுமா இருந்தா கல்லு, குறுகலா ஒரே சீரா இருந்தா ரம்பம். நடுவுல தடம் திசை மாறினா, கை வலிச்சு சங்கைத் திருப்பிப் பிடிச்சிருக்கான். குஜராத்ல நாகேஸ்வர்ங்கிற சிந்துவெளிக் கடலோர ஊர்ல இந்தக் குப்பையை வச்சே பட்டறையோட வேலை ஒழுங்கைச் சொல்லியிருக்காங்க. நடுத்தண்டைக் கூட அந்தக் காலத்துல வீணாக்கல, மணியா அறுத்துட்டாங்க.

மியூசியம் போனா கண்ணாடிப் பெட்டிக்குள்ள லேபிள்ல என்ன எழுதியிருக்கும்? என்ன பொருள், எந்த ஊர், எந்த வருஷம், யாரு தோண்டினாங்க, சில சமயம் யாரு காசு குடுத்தாங்கன்னு கூட. செஞ்சவன் பேர் இருக்காது, இருக்கவும் முடியாது. ஆனா குப்பையைப் பெட்டியில வைக்கலாமே? ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்துல 1863-ல கோடாரிக் கல்லைக் கண்டெடுத்தாரே அவர்தான், கடலுக்கு ரொம்ப தூரத்துல பெல்லாரி பக்கம் கூட சங்கு வளையல் உடைசலைக் குனிஞ்சு பொறுக்கியிருக்கார். அவர் சேகரிப்பு 1904-ல சென்னை மியூசியத்துக்கு வந்துச்சு. அந்த உடைசலை அன்னைக்கு அவர் பொறுக்காம விட்டிருந்தா, கடலே பார்க்காத ஊருக்கும் சங்கு போச்சுங்கிற செய்தி மண்ணோட போயிருக்கும்.

இப்போ மறுபடி அந்தச் சபைக்கு வர்றேன். சிவன் நக்கீரரைக் கேட்ட கேள்விக்குள்ள ஒரு நம்பிக்கை ஒளிஞ்சிருக்கு. கையால வேலை செய்யறவனுக்குக் குத்தம் குறை கண்டுபிடிக்கிற அறிவு எங்கேர்ந்து வரும்ங்கிற நம்பிக்கை. நான் என்ன சொல்றேன்னா, அதுவே தலைகீழ். ஒரு சங்கைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, உள்ள எங்க விரிசல் இருக்கு, எங்க புழு அரிச்சிருக்கு, எங்க வச்சு அறுத்தா வளையம் உடையாதுன்னு ரம்பத்தை வைக்கிறதுக்கு முன்னாடியே சொல்றவன் அவன். குத்தம் பார்க்கிறதுதான் அவன் தொழிலே! அப்பேர்ப்பட்ட வீட்டுல பொறந்தவன் பாட்டுல குத்தம் கண்டுபிடிச்சா அதுல என்ன ஆச்சரியம்? நெற்றிக்கண்ணுக்கு முன்னாடி அசராம நின்னதுக்குக் காரணம் அந்தப் பட்டறையாத்தான் இருக்கணும்னு எனக்குத் தோணுது. கதைதான், வரலாறு இல்லை. ஆனா கதையை எந்தப் பக்கத்துல நின்னு படிக்கிறதுங்கிறது நம்ம கையிலதான் இருக்கு.

கொசுறு: ராமநாதபுரம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்து மக்களே, உங்க வீட்டுப் பெரியவங்க சங்கைத் தரம் பிரிக்க, அறுக்க, தேய்க்க என்னென்ன வார்த்தை சொல்வாங்கன்னு கேட்டுப் பின்னூட்டத்துல போடுங்க. அகராதியில இல்லைன்னாலும் பரவாயில்லை. அகராதியில இல்லாததுதான் எனக்கு வேணும். கல்லும் சங்கும் மண்ணுக்குள்ள கிடக்கும், தோண்டி எடுத்துக்கலாம். வார்த்தையை அப்படித் தோண்ட முடியாது.